கதிராமத்தம்பி அண்ணன் காய்ச்சிய ஆரையம்பதி ஆணம்

வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லித்தான் இதைத் தொடங்கவேண்டியிருக்கிறது. கதிராமத்தம்பி அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். அழைத்தவள் அவருடைய மகள் நிரோசா. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேசினாள். “சித்தப்பா, அப்பா போயிட்டார்” என்றாள். பிறகு அவளுக்குக் குரல் வரவில்லை. எனக்கும் வரவில்லை, எனக்கு வராததற்குக் காரணம் வாயில் இருந்த சோறு. “ஐயோ மகள்” என்று எப்படியோ சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மனிதன் அந்த இடத்தில் எழும்பிக் கைகழுவிக்கொண்டு ஓடியிருக்கவேண்டும். நான் ஓடவில்லை. பீங்கானில் இருந்ததை முழுதாகத் தின்றேன். சட்டியின் அடியில் கிடந்ததையும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்றேன். விரல் ஐந்தையும் சூப்பிவிட்டுத்தான் எழும்பினேன்.

மரண வீட்டில் யாரோ ஒரு புண்ணியவதி, “ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். “ஒண்டும் இறங்கல்ல” என்றேன். அந்தப் பொய்க்கும் சேர்த்து இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அமுதுப் படையலுக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீங்கள்தானே பேப்பரில் எழுதுகிற ஆள், அப்பாவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று நிரோசா கேட்டாள். நான் ஒரு வாரப் பத்திரிகையில் சிரிக்கவைக்கப் பகிடி எழுதுகிறவன். அதிலும் பாதிக்கு மேல் சாப்பாட்டுப் பகிடி. அஞ்சலி எழுதிப் பழக்கமில்லை. மனம் ஒரு இடத்தில் நிற்காது. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள். அவரும் என்னை அப்படித்தான் பொறுத்துக்கொண்டார்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கப்போகும் பிள்ளைகளுக்காக எங்கள் உறவைச் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்குச் சகலன். அக்கா பூமணியை அவர் கல்யாணம் முடித்தார். தங்கச்சி யோகத்தை நான் முடித்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. வீடு அவளுடையது, வீட்டைச் சுற்றிய வளவு அவளுடையது, கிணறு அவளுடையது. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு வந்து சேருவான். கதிராமத்தம்பி அண்ணன் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து தோணியில் பெட்டியோடு வந்தார். நான் ஆரையம்பதியில் இருந்து பஸ்ஸில் பெட்டியோடு வந்தேன். தேற்றாத்தீவில் ஒரே வளவில் இரண்டு வீடு. இரண்டிலும் ஒரே மாமியாரின் கைப்பக்குவம். சாரம், சவரக் கத்தி, கல்யாணப் படம் எல்லாம் பெட்டிக்குள் வரும். பெற்ற தாய் சோற்றுக்கு ஊற்றக் காய்ச்சும் ஆணம் மட்டும் வராது.

எனக்குக் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் மத்தியானம். புது மாப்பிள்ளைக்கும் மூத்த மாப்பிள்ளைக்கும் பக்கத்தில் பக்கத்தில் பாய் போட்டுச் சோறு வைத்தார்கள். மாமி பாலாணம் ஊற்றிவிட்டு அடுப்படிக்குத் திரும்பியதும் என் முழங்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல்.

“தம்பி, இந்த வீட்டுல உப்பு குறைவு” என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல். “வாய் துறந்து சொல்லிராத. நான் ஒருக்காச் சொல்லி மூணு நாள் ஒருத்தரும் என்னோட கதைக்கல்ல.”

“இது என்ன அண்ணன்?”

“உப்புத்தான். ஆய்வுகூடத்துப் போத்தல். பயப்படாத, கழுவினது.”

அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளர். அந்தப் போத்தல் மாமி கண்ணை மூடும் வரைக்கும் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. நாங்கள் இருவரும் அந்த வீட்டின் மிக நல்ல மருமக்கள் என்று மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததற்குப் பின்னால் இருந்தது அரை இறாத்தல் உப்பு.

ஆணம் என்ற சொல்லுக்கே ஒரு சண்டை நடந்தது. யாழ்ப்பாணத்தார் சொதி என்பதை நாங்கள் ஆணம் என்போம். பால் விட்டால் பாலாணம், புளி விட்டால் புளியாணம். காத்தான்குடிச் சிநேகிதர் ஒருவர் வீட்டில் புளியாணத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கத் தந்தார்கள். எங்கள் வளவில் அதைச் சோற்றில்தான் ஊற்றுவோம். தன்னாமுனையில் என்னோடு படித்த கத்தோலிக்க நண்பன் வீட்டில் நத்தார்ப் பண்டிகைக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுப் பால் விட்டு இறக்குவதற்குப் பெயர் இஸ்டூ. இதையெல்லாம் தொகுத்து, ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி, பத்திரிகையில் எழுதினேன். எந்த ஊர்ப் பெயர் சரி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். மறுகிழமை ஒரு மனிதர் பஸ் ஏறி வந்து என் வாசலில் நின்று கத்தினார். தன் ஊரில் தன் தாய் ஆணம் என்று காய்ச்சியதைச் சொதி என்று நான் தீர்ப்பு எழுதியது குடும்பத்துக்கே அவமானமாம்.

மற்ற வீட்டில் இருந்து கதிராமத்தம்பி அண்ணன் வந்தார். “ஏன் தம்பி சத்தம் போடுறீங்க? பேர வச்சுச் சோறு தின்னேலாது. அடுத்தமுறை வரக்குள்ள சட்டியோட வாங்க, நக்கிப் பார்த்துச் சொல்றன்” என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். சிரித்ததோடு நிற்காமல் அடுத்தமுறை உண்மையாகவே சட்டியோடு வந்தார். நக்கிப் பார்த்த அண்ணன், என்னைத் தனியே கூப்பிட்டு, “சொதிதான்” என்றார்.

இனி என் அம்மாவின் ஆணம். அம்மாவுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய நட்டம் இல்லை. மூன்று பெட்டி மூன்று ஊருக்குப் போயிற்று. பலாக்கொட்டையும் வாவி இறாலும் மாங்காய்த் துண்டும் போட்டு, தூள் போடாமல், பச்சைமிளகாயை மட்டும் கீறிப் போட்டு, பால் திரையாமல் இறக்குவா. அதில் வெந்தயம் எப்போது போட்டா, மாங்காய் எப்போது போட்டா என்று நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அம்மா இறந்து எட்டாம் நாள், சடங்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது: அந்த ஆணத்தை இனி உலகத்தில் ஒருவரும் காய்ச்சப்போவதில்லை. அன்று பக்கத்தில் இருந்த அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி என் பீங்கானைக் காட்டினார்.

அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருடம் போயிற்று.

மூன்று வருடத்துக்கு முன் யோகம் மகளின் பேறு பார்க்கக் கனடாவுக்குப் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள். பிள்ளை பிறந்தது, பல் முளைத்தது, நடந்தது, இப்போது விளங்காத மொழியில் பாட்டுப் பாடுகிறது. யோகம் இன்னும் வரவில்லை. குறை சொல்லவில்லை, அங்கே அவள் தேவை. தினமும் தொலைபேசித் திரையில் வருவாள். “சாப்பிட்டீங்களா?” என்பாள். “ஓம்” என்பேன். அதற்குப் பிறகு இருவரும் பேச ஒன்றும் இல்லாமல் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்போம். திரை அணைந்த பிறகு வீடு திடீரென்று பெரிதாகும். அவளுடைய வீடு, அவளுடைய கிணறு, அவளுடைய மாமரம். நடுவில் பெட்டியோடு வந்த ஒருவன். அந்த நாட்களில் பாணும் வாழைப்பழமும்தான் என் சாப்பாடு. ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்டுவது வீண்வேலையாகத் தெரிந்தது.

அவள் போய் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணிபோல, அண்ணன் இரண்டு கையாலும் ஒரு மண்சட்டியைப் பிடித்துக்கொண்டு வளவைக் கடந்து வந்தார்.

“என்ன அண்ணன் அது?”

“உண்ட அம்மாட ஆணம்.”

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியா. நீதான் சொல்லப்போற. தின்னு. என்ன பிழை எண்டு சொல்லு. ஆனா ஒண்ட மட்டும் சொல்லு. ஒரு கிழமைக்கு ஒண்டுதான் மாத்துவன். ரெண்ட மாத்தினா எது வேல செஞ்சது எண்டு தெரியாமப் போயிரும்.”

ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுகூடம் அவரை விடவில்லை. கிழித்த கலண்டர் தாள்களின் பின்பக்கம் எல்லாம் எழுதிவைத்தார். இறால் எத்தனை, பலாக்கொட்டை எத்தனை, முதற்பால் எத்தனை கோப்பை. கடைசி வரியில் ‘தம்பி சொன்னது’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருப்பார். புளி கொஞ்சம் தூக்கல் என்றேன். அடுத்த கிழமை மாங்காய் பாதியானது. வெந்தயம் தெரியவில்லை என்றேன், வெந்தயம் கூடியது. நான் தின்னும்போது அவர் எதிரே குந்தியிருந்து என் முகத்தையே பார்ப்பார். முப்பது வருடம் பரிசோதனைக் குழாய்க்குள் நிறம் மாறுகிறதா என்று பார்த்த கண்.

பூமணி மச்சாளுக்கு எரிச்சல். “முப்பது வருசமா எனக்கு ஒரு தேங்காய் துருவித் தராத மனிசன், கண்காணாத ஒரு மனிசிட ஆணத்துக்கு ஞாயிறு விடியக் குந்தியிருந்து துருவுறார்! உங்கட அம்மா என்ன, இவருக்குக் கனவுல வாறாவா?” என்று என்னிடம் கேட்டா.

“பொறு புள்ள, பால் திரையப்போகுது” என்பார் அவர், உள்ளே இருந்து.

நான் சொல்லுவது போதாது என்று பட்டதும் சாட்சி தேடினார். ஒரு நாள் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆரையம்பதிக்குப் போனார். அம்மாவின் பக்கத்து வீட்டுச் செல்லம்மா மாமி இன்னும் இருக்கிறா. கண் மங்கல், நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

“பலாக்கொட்டை ஆணமா? உண்ட கொம்மா கொட்டைக்கு வெள்ளைத் தோல மட்டும்தான் உரிப்பா. உள்ளுக்குச் சிவத்தத் தோல் இருக்கே, அத அப்பிடியே விட்டிருவா. சோம்பேறி.”

அண்ணன் சட்டைப் பையில் இருந்து கலண்டர் தாளை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘சிவத்தத் தோல் உரிப்பதில்லை. சோம்பல்.’

“அண்ணன், சோம்பல் எண்டு எழுதவேணுமா?”

“செய்முறைக்கு அது முக்கியம் தம்பி” என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

அம்மாவின் அடுப்படியில் புகை நிற்கும், அந்த மணம் ஆணத்திலும் இருக்கும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர் அடுப்பைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குவித்துப் புகை போட்டிருக்கிறார். அடுப்படிக் கூரையின் கிடுகு ஓலை ஒரு மூலையில் பற்றிக்கொண்டது. மச்சாள் ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை எறிந்தா. பாதி கூரைக்கு, மீதி சட்டிக்கு. அந்த மனிதர் அதையும் மூடிக்கொண்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தார். புருவம் கருகியிருந்தது. “இண்டைக்கு மாத்தினது ஒண்டுதான், தண்ணி” என்றார். நான் தின்றுவிட்டு, “இண்டைக்குத்தான் கொஞ்சம் கிட்ட வந்திருக்கு” என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் இன்னொரு வெட்கத்தையும் சொல்லவேண்டும். சில மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு பயம் பிடித்தது. ஒரு நாள் நான் “இதுதான்” என்று சொன்னால் என்ன நடக்கும்? வேலை முடிந்துவிடும். சட்டி வராது. ஞாயிறும் மற்ற ஆறு நாட்களைப்போல ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு கிழமையும் ஒரு பிழை கண்டுபிடித்தேன். பிழை தீர்ந்துபோனால் பழைய பிழையைத் திரும்பச் சொன்னேன். “போன மாசம் புளி கூட எண்ட, இப்ப குறைவு எண்டுற” என்று தாள்களைப் புரட்டிப் பார்த்து முழிப்பார். தன் கையில்தான் ஏதோ நிதானம் இல்லை என்று நினைத்துக்கொள்வார். பகிடிக்காரன் என்று பெயர் எடுத்த நான் ஒரு நல்ல மனிதரை ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படிச் சுற்றவிட்டேன்.

சென்ற வருடம் சோளகக் காற்று வீசத் தொடங்கிய காலத்தில் ஒரு ஞாயிறு. சட்டியை வைக்கும்போது மூடி தாளம் போட்டது. அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தாள்களை மடியில் அடுக்கினார்.

“தம்பி, இனி மாத்துறதுக்கு ஒண்டும் இல்ல. மாத்தக்கூடிய எல்லாத்தையும் மாத்திட்டன். இதும் இல்லையெண்டா, எனக்கு ஏலாது எண்டு ஒத்துக்கொள்ளுறன்.”

ஒரு வாய் வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். “இதுதான் அண்ணன்” என்றேன். “இதேதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து முனையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு கேட்டார்: “அம்மாக்கு என்ன பேர்?”

“சின்னப்பிள்ளை.”

புதுத் தாள் ஒன்றில் மெதுவாக எழுதினார்: ‘சின்னப்பிள்ளை ஆணம். ஆரையம்பதி. சரி.’ என் கல்யாணப் பத்திரத்தில்கூட அம்மாவின் பெயரை அவ்வளவு கவனமாக யாரும் எழுதவில்லை. தாளை எடுத்துக்கொண்டு, சட்டியை விட்டுவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுதும் நான் என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன். அடுத்த ஞாயிறு பத்தரை மணிக்குப் பின்வாசலில் நிழல் விழுந்தது. அதே சட்டி.

“அண்ணன், முடிஞ்சுதானே?”

“முடிஞ்சா? வெள்ளாமை வெட்டிப்போட்டுச் சோறு தின்னாம விடுறதா? தள்ளி இரு, நானும் தின்னுறன்.”

அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்காமல் தன் பீங்கானைப் பார்த்துத் தின்றார். ஊரெல்லாம் சொன்னார். நிரோசாவுக்குப் பழக்கினார். அவளுடைய மகனின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் எல்லோரும் ‘ஆரையம்பதி ஆணம்’ என்று கேட்டு வாங்கித் தின்றார்கள். மூன்று ஆண்பிள்ளை பெற்ற என் அம்மாவுக்கு, வாவிக்கு மேற்கே பிறந்த ஒரு மனிதர் வழியாக ஒரு பேத்தி கிடைத்தாள்.

கடைசி ஞாயிறு அவர் உட்காரவில்லை. சட்டியை வைத்துவிட்டு இடத்தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கை உளையிது. மருமகன் கூட்டிப்போறன் எண்டு வாசல்ல நிக்கிறான். ஒரு ஊசியப் போட்டிட்டு வாறன். நீ தின்னு.”

“வாங்க, வந்து ஒண்டாத் தின்னுவம்.”

“ஆறிப்போயிரும். தின்னிட்டு எப்பிடி எண்டு சொல்லு. மறுகா வந்து கேக்கிறன்.”

அதனால்தான் எழும்பாமல் தின்று முடித்தேன். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. அவர் தின்னச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மீதி வைத்தால் அவருக்கு என்ன பதில் சொல்லுவது?

இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவர் நடந்து நடந்து விழுந்த மணல் தடத்தில் புல் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. பெட்டியோடு வந்தவர்களில் இந்த வளவில் மிஞ்சியவன் நான் ஒருவன்தான். மச்சாள் நேரத்துக்குச் சோறு அனுப்புகிறா. பிள்ளை ஒன்று கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு ஓடிவிடும். எதிரே யாரும் குந்தியிருப்பதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கவேண்டும். அம்மாவின் பெயர் எழுதிய தாளை நிரோசா எனக்கே தந்துவிட்டாள், தனக்குப் படியெடுத்துக்கொண்டாள். ஞாயிறு காலையில் பின்கதவின் கொண்டியைக் கழற்றிவைக்கும் பழக்கமும் என்னிடம் இருக்கிறது. இந்த இரண்டையும் நான் விடப்போவதில்லை.

நேற்று நிரோசா வந்தாள். “அமுதுக்கு அப்பா காச்சின அந்த ஆணத்தத்தான் படைக்கப்போறம் சித்தப்பா. படைக்கிறத முன்னுக்கு ருசி பார்க்கப்படாதுதானே. அதுதான் வாற ஞாயிறு ஒரு சட்டி காச்சிக்கொண்டு வாறன். சரியோ பிழையோ எண்டு நீங்கதான் சொல்லவேணும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்” என்றாள். “ஓம் மகள்” என்றேன். முகத்தைப் பார்த்து வேறொன்றும் சொல்ல வாய் வரவில்லை. அச்சுக்குப் போகுமுன் இதை முதலில் வாசிப்பவள் அவள்தான் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

யோகம் கனடாவுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முந்தி எனக்குக் கொரோனாக் காய்ச்சல் வந்தது. அதில் போன மணமும் ருசியும் திரும்பி வந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன், அண்ணனிடமும் சொன்னேன். அவை இன்றுவரை வரவில்லை.